மூன்று முறை நடந்தும் ஒரு தவளைகூடக் கண்ணில் படவில்லை என்றால்

வனப் பூங்கா ஒன்றில் மூன்று முறை முழுநாள் நடை போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்திருக்கிறீர்கள். நுழைவாயில் பலகையில் பாம்பு, பல்லி, ஆமை, தவளை என்று நீளமான பட்டியல் இருக்கிறது. நீங்கள் பார்த்ததோ புதருக்குள் மறைந்த ஓர் அரணையின் வால் மட்டும். எங்கே தேட வேண்டும், எந்தக் கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும், அடுத்த முறை பத்து வயது மகளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இடத்தைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு: அவை அங்கே இருக்கின்றன என்றால் என் கண்ணில் மட்டும் ஏன் படவில்லை? இதற்கு இடத்தைவிட நேரமும், நீங்கள் நடக்கும் வேகமும்தான் பெரிய காரணம்.

நான் விலங்கியல் படித்தவன். பதினாறு ஆண்டுகளாக ஊர்வன, இருவாழ்விகள் கணக்கெடுப்புகளில் நடந்துகொண்டிருக்கிறேன். உங்கள் பூங்கா எந்த நாட்டில் இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எந்தக் காட்டுக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊரில் எந்தப் பாம்பு ஆபத்தானது, எந்த மாதத்தில் எந்தத் தவளை முட்டையிடும் என்பதையெல்லாம் அந்தப் பூங்காவின் ஊழியர்களிடமும் அந்த வட்டாரக் கையேட்டிலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், மூன்று முறை போயும் காணவில்லை என்பதற்கு அதிக எடை கொடுக்காதீர்கள். ஒரு பாம்பு இனம் அந்தக் காட்டில் நிச்சயமாக இருக்கிறது, ஒரு நடையில் அது உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நடையிலும் அதைக் காணாமல் திரும்பும் வாய்ப்பு 51 சதவீதம். பத்து முறை போனாலும் பத்தில் ஒருவருக்குக் கண்ணில் படாமலே போகும். பல பாம்புகளுக்கு அந்த 20 சதவீதமே மிகத் தாராளமான கணக்கு. கணக்கெடுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: காணவில்லை என்றால் காணவில்லை என்று மட்டும் எழுது, இல்லை என்று எழுதாதே.

சரி, நேரத்துக்கு வருவோம். நம்மைப் போல உண்ட உணவை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வசதி இவற்றுக்கு இல்லை. வெயில், சூடான பாறை, ஈர மண், நிழல் ஆகியவற்றுக்கு இடையே இடம் மாறி மாறித்தான் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கின்றன. பகலில் இரைதேடும் பல பல்லி இனங்கள் உடம்பை 30 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கும். குளிர்ந்த காலையில் பாறை சூடேறத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அவை வெட்டவெளிக்கு வந்தாக வேண்டும்; அப்போது உடம்பு இன்னும் முழுதாகச் சூடேறாததால் ஓட்டமும் மெதுவாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு அவற்றுக்கு வெளியே வேலை இல்லை. வெப்பமான நாளில் பதினொரு மணிக்கு மேல் நீங்கள் நடந்த தூரமெல்லாம், தேடல் என்ற கணக்கில், பெரும்பாலும் வீண். ஒன்பது மணிக்குக் கிளம்பி உச்சிவெயிலில் மலையேறி நான்கு மணிக்கு வண்டிக்குத் திரும்புவதுதான் நடைப்பயணிகளின் வழக்கம். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் இதே கணக்கு தலைகீழாகும்: அங்கே நண்பகல்தான் நல்ல நேரம், வசந்தத்தின் முதல் வெயில் நாட்கள் ஆண்டிலேயே சிறந்தவை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே கணக்கில்தான். வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரங்களைப் பாருங்கள்: காட்டின் விளிம்பு, மரம் விழுந்து திறந்த இடம், கற்குவியல், நீரோடையின் கரை, பழைய கற்சுவர். ஒரு பாம்பு அரை அடி நகர்ந்தால் நிழலுக்குப் போய்விடக்கூடிய இடம் அதற்குப் பிடித்த இடம். குளிர் நாட்களில், பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் தெற்கு பார்த்த சரிவும், தெற்கே இருந்தால் வடக்கு பார்த்த சரிவும் அதிக வெயில் பெறும். ரேகைக்குப் பக்கத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் கட்டை இருந்தால் ஐம்பது மீட்டர் முன்பே நின்று பைனாகுலரில் பாருங்கள். நீர் ஆமைகள் வெயில் காயும் இடம் அது. கிட்டே போய்விட்டால் தண்ணீரில் விழும் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

வேகத்தைப் பற்றி நான் சொல்வது என் அனுபவம். ஆய்வு முடிவு அல்ல. நான் தேடும்போது ஒரு மணி நேரத்தில் அரை கிலோமீட்டர் போனாலே அதிகம். பத்து அடி நடப்பேன், நிற்பேன், ஒரு நிமிடம் பார்ப்பேன். முதலில் தரை, பிறகு முழங்கால் உயரப் புதர், பிறகு அடிமரம், கடைசியில் கிளை. நடக்கும் மனிதனைக் கண்டு அசையாமல் உறைந்த ஓணான், அவன் நின்ற பிறகுதான் மறுபடி தலையை ஆட்டும். அந்த அசைவில்தான் அது அகப்படும். முழுப் பாம்பைத் தேடாதீர்கள். சருகுக்குள் கிடக்கும் பாம்பு பாம்பாகத் தெரியாது. சருகின் ஓரங்கள் எல்லாப் பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கையில், ஒரே தடிமனில் மழமழப்பாக வளைந்து போகும் கோடு ஒன்று தனித்துத் தெரியும். கண் பழகச் சில நாட்கள் ஆகும். பழகிய பிறகு, முன்பு எத்தனையைத் தாண்டிப் போயிருப்போம் என்ற நினைப்பு தவறாமல் வரும்.

உயிரே கண்ணில் படாவிட்டாலும் அடையாளங்கள் படும். பாம்புச் சட்டை கிடைத்தால் பொக்கிஷம் மாதிரி பாருங்கள். செதில்களின் அமைப்பு அப்படியே அதில் பதிந்திருக்கும்; தலைப்பகுதி சிதையாமல் இருந்தால், இனத்தையே பல நேரங்களில் சொல்லிவிடலாம். நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். உரியும்போது இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். பாறையின் மேல் கருத்த எச்சமும் அதன் நுனியில் வெள்ளைத் துளியும் இருந்தால் பெரும்பாலும் பல்லியுடையது; அந்த வெள்ளை, சிறுநீருக்குப் பதிலாக வெளியேறும் யூரிக் அமிலம். குட்டையில் முத்துமாலை போல நீண்ட சரமாக முட்டை இருந்தால் தேரையாக இருக்கலாம். கொத்தாக இருந்தால் தவளையாக இருக்கலாம். தண்ணீருக்கு மேலே இலையில் சோப்பு நுரை போல ஒரு உருண்டை தொங்கினால், அது நுரைக்கூடு கட்டும் மரத்தவளையின் வேலை.

தவளை, தேரை, சாலமாண்டர் போன்றவற்றுக்கு வெயில் பகை, ஈரம்தான் எல்லாம். அவற்றின் தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடும். நுரையீரலே இல்லாமல் தோலாலும் வாயின் உள்தோலாலும் மட்டும் மூச்சுவிடும் சாலமாண்டர் குடும்பம்கூட ஒன்று இருக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு முட்டும். ஆகவே பகலில் தவளை தேடுவதைவிட, மழை பெய்த இரவில் ஒரு மணி நேரம் குட்டையருகே உட்காருவது பல மடங்கு பலன் தரும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை இரவை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த தவளைகள் ஒன்றிரண்டு இரவுகளுக்குள் வந்து, கூடி, முட்டையிட்டு மறைந்துவிடும்.

அங்கே கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பெரும்பாலான இனங்களில் ஆண்தான் குரல் கொடுக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். நீங்கள் கிட்டே போனதும் எல்லாம் அடங்கிவிடும். அப்போது திரும்பிப் போய்விடுகிறார்கள் பலர். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தூரத்தில் ஒன்று தொடங்கும், அடுத்தது பதில் சொல்லும், அப்புறம் உங்கள் காலடியிலேயே ஒன்று கத்தும். இரண்டு பேர் சில மீட்டர் இடைவெளியில் நின்று, குரல் வரும் திசையை ஆளுக்கொரு கையால் காட்டினால், இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும். உங்கள் மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். போனில் குரலைப் பதிவு செய்துகொண்டால் பிறகு இனம் கண்டுபிடிக்கலாம். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைப்பது மட்டும் வேண்டாம், இனப்பெருக்க இரவில் அது அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

இரவு நடைக்குப் பூங்காவில் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இல்லை. இருந்தால் நெற்றியில் கட்டும் டார்ச் வாங்குங்கள். வெளிச்சம் உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போனால்தான் விலங்கின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி உங்களை எட்டும். இடுப்பருகே பிடித்த டார்ச்சில் அது தெரியாது. தவளைக் கண்கள் இப்படி மின்னும். தரையில் தூவிய கண்ணாடித்துகள் போலப் பச்சையாக மின்னுபவை பெரும்பாலும் சிலந்திகள், ஏமாற வேண்டாம். பாம்புகள் பலவற்றுக்கு இந்த மினுக்கம் கிடையாது, அவற்றைச் செதிலின் பளபளப்பில்தான் பிடிக்க வேண்டும். பகலில் எவ்வளவு தேடியும் கிடைக்காத பச்சோந்தி இரவில் எளிதில் தெரியும்: தூங்கும்போது நிறம் வெளுத்து, மெல்லிய கிளையின் நுனியில் இருக்கும். எதிரி ஏறி வந்தால் கிளை ஆடும், அது விழித்துக்கொள்ளும். நுனியில் தூங்குவதற்கு அதுதான் காரணம்.

இப்போது நீங்கள் கேட்ட கல் புரட்டும் விஷயம். என் நேரான பதில்: புரட்டாதீர்கள். கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் நிறைய உயிர்கள் இருப்பது உண்மை. கணக்கெடுப்புகளில் அனுமதி வாங்கி நாங்களும் புரட்டுகிறோம். ஆனால் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கும் ஈரமும் வெப்பமும் பல ஆண்டுகளாக அமைந்தவை. விளிம்பு மண்ணோடு பொருந்தியிருப்பதால்தான் அந்த இடுக்கு வீடாகிறது. ஆஸ்திரேலியாவில் மணற்பாறைகளில் வாழும் ஊர்வனவற்றை ஆராய்ந்தவர்கள், மனிதர் நகர்த்தி லேசாக இடம் மாறிய கற்களின் அடியில் இடுக்கின் வெப்பநிலையே மாறிவிடுவதையும், அவற்றை ஊர்வன குறைவாகவே பயன்படுத்துவதையும் கண்டார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை தந்த பகுதி வேறு: கற்களைப் பழைய இடத்திலேயே சரியாகப் பொருத்தி வைத்தபோது உயிர்கள் திரும்பி வந்தன. ஒருவர் ஒரு கல்லைப் புரட்டிவிட்டுப் போவது சிறிய விஷயமாகத் தெரியும். ஒரே பாதையில் ஆண்டுக்கு ஆயிரம் பேர் நடக்கும்போது அந்தப் பாதையோரம் முழுவதும் வீடிழக்கிறது. அப்படி ஒரு சரிவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கற்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன, அடிப்பக்கத்துப் பாசி வெயிலில் காய்ந்திருந்தது. அன்று முழுவதும் தேடியும் அங்கே ஒரு பல்லி கிடைக்கவில்லை.

விதி அனுமதிக்கிற இடத்தில், தெரிந்தவரோடு போய், ஒரு கட்டையைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால்: உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் பற்றி உங்களை நோக்கித் தூக்குங்கள். கட்டை உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே கேடயமாக நிற்கும், உள்ளே இருக்கும் உயிர் எதிர்ப்பக்கமாக வெளியேறும். பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததை நசுங்காமல் ஓரமாக நகரவிட்டு, கட்டையைப் பழைய குழியிலேயே வைத்து, பிறகு அது தானாக அடியில் நுழைய விடுங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் கல் தகடுகளைப் பெயர்ப்பதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. பெயர்ந்த தகட்டை மறுபடி ஒட்டவே முடியாது.

கையில் எடுப்பதும் அப்படித்தான். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடினால் வளர்ந்துவிடும் என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பல இனங்கள் வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கின்றன, பஞ்சகாலத்துக்கு வைத்த சேமிப்பு அது. வட அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமையைத் தூக்கினால் பயத்தில் சிறுநீர் கழிக்கும். அந்தப் பையில் இருப்பது வறட்சிக்குச் சேர்த்து வைத்த தண்ணீர். இருவாழ்விகளைத் தொடவே வேண்டாம். கொசு விரட்டியும் வெயில் கிரீமும் பூசிய கை அவற்றின் தோலுக்கு விஷம்.

இருவாழ்விகளிடம் கவனமாக இருக்க இன்னொரு பெரிய காரணம், அவற்றைத் தாக்கும் கைட்ரிட் எனும் பூஞ்சை. இது 1999இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இதனால் 501 இருவாழ்வி இனங்கள் குறைந்ததாகவும் அவற்றில் 90 அழிந்திருக்கலாம் என்றும் சொல்கிறது. ஈரமான காலணியிலும் சேற்றிலும் இது ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யக்கூடும். காய்ந்தால் சாகும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் பிறகு பூட்ஸில் ஒட்டிய சேற்றை முழுதாகத் தேய்த்தெடுத்து, கிருமிநாசினியில் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த காட்டுக்குப் போங்கள். சேறு ஒட்டியிருக்கும்போது மேலே மருந்து ஊற்றினால் அது உள்ளே போய்ச் சேராது.

பலர் உறுதியாகச் சொல்லும் சில விஷயங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. பௌர்ணமியில் ஒன்றும் வெளியே வராது என்பார்கள். நிலவொளியில் ஒதுங்கும் பாம்புகளும் உண்டு, பௌர்ணமியையொட்டிக் கூடும் தேரைகளும் உண்டு. எல்லா இனத்துக்கும் ஒரே விதி என்று எழுத முடியாது. முக்கோணத் தலை என்றால் விஷம், நீள்வட்டக் கண்மணி என்றால் விஷம் என்பதை நம்பிப் பாம்பை நெருங்காதீர்கள். மலைப்பாம்புக்கும் தலை முக்கோணமாகத்தான் இருக்கிறது, அதற்கு விஷமே கிடையாது. நாகப்பாம்புக்குக் கண்மணி வட்டம். பல பாம்புகள் பயந்தால் தலையைத் தட்டையாக விரித்துக் காட்டும். குட்டிப் பாம்பின் கடி பெரியதைவிட மோசம் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. பெரிய பாம்பிடம் விஷத்தின் அளவே அதிகம்.

மகளை அழைத்துப் போகலாமா என்றால், தாராளமாக. குழந்தைகளின் கண் தரைக்கு நெருக்கமாக இருக்கிறது. என்னோடு வந்த சிறுவர்கள் நான் தாண்டிப் போனவற்றைப் பல முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விதியைக் கிளம்பும் முன் அவள் வாயால் சொல்ல வையுங்கள்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையும் காலையும் வைக்க மாட்டேன். கட்டையைத் தாண்டும்போது முதலில் அதன் மேல் ஏறி நின்று, மறுபக்கம் பார்த்த பிறகே இறங்க வேண்டும். கணுக்காலை மூடும் பூட்ஸும் நீளமான கால்சட்டையும் போடுங்கள். பாம்பைக் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்கி, குறைந்தது அதன் உடல் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விட்டு நின்று பாருங்கள். செத்த பாம்பையும் தொடக்கூடாது. வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்கும்.

பாம்புக்கடியால் உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் வயலில் உழைப்பவர்கள், மருத்துவமனைக்குத் தொலைவில் இருப்பவர்கள். கடி பட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு, காலணி போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். ஆகவே நடைக்கு முன்பே அந்த மருத்துவமனை எது, பாதையில் போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நான் மருத்துவர் அல்ல.

கடைசியாகப் படம். எடுங்கள், பகிருங்கள், ஆனால் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள். 1999இல் ஒரு சீனக் குகைப் பல்லி இனத்தை, கிடைத்த இடத்தோடு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வளர்ப்பு விலங்குச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்து, அந்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. கண்ட உயிரினங்களைப் பலரும் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிட்டால், அழியும் நிலையில் உள்ள இனங்களுக்கு அது தானாகவே இடத்தை மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றுக்கு நீங்களே அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். போனில் எடுத்த படத்தில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதையும் நீக்கிவிடுங்கள்.

இனம் கேட்டு இங்கே பதிவிடுவதாக இருந்தால், கிட்டே போகாமல் ஜூம் செய்து, பல்லிக்கும் பாம்புக்கும் மேலிருந்து ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். தவளைக்குக் கால்விரல் நுனியும் கண்ணுக்குப் பின்னால் உள்ள செவிப்பறையும் தெரிய வேண்டும். விரல் நுனி வட்டாக விரிந்திருக்கிறதா என்பது எங்களுக்குப் பாதி விடை. அதோடு நேரம், வெயிலா மழையா, தரையிலா செடியிலா என்று ஒரு வரி எழுதுங்கள். மகளிடம் ஒரு சிறிய நோட்டைக் கொடுத்து அந்த வரியை அவளையே எழுதச் சொல்லலாம். அடுத்த மழை இரவுக்குப் பிறகு அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று இங்கேயே வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.